கேட்ட கேள்விக்குச் சரியான பதில்

பள்ளிக்கூடத்தில் நிவேதிதாவுக்குச் சோடாபுட்டி என்று பெயர். பூந்தமல்லியில் எட்டாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க, அவள் கண்ணாடியை ஒளித்து வைப்பதும் பின்னலைப் பெஞ்சில் கட்டிவிடுவதும்தான் பின்வரிசைக்குப் பொழுதுபோக்கு. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் விடை அவள் நாக்கில் நிற்கும். அதுதான் அவள் செய்த குற்றம். இன்று அம்பத்தூரில் ஐடி வேலை. அதே பின்வரிசைக்காரர்கள் வேலைக்குச் சிபாரிசு கேட்டு மெசேஜ் அனுப்புகிறார்கள்.

ஆபீஸில் பக்கத்து சீட் பெனிஷா வீடு தேடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவால் இனி படி ஏற முடியாது. மாதக் கடைசிக்குள் லிப்ட் உள்ள வீடு வேண்டும். அயனம்பாக்கத்தில் நிவேதிதா இருக்கும் அடுக்ககத்திலேயே ஒன்று காலியாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் உரிமையாளர் லட்சுமணன்தான். நானே பேசுகிறேன் என்று நிவேதிதா போனாள்.

அவர் காபி கொடுத்தார்.

"கிறிஸ்டியன்ஸா, பரவால்லம்மா. பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"திருத்தணி பக்கம் சார்."

"ஊருக்குள்ளயா, வெளியயா?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் காலனின்னு சொன்னா சார்."

அவர் டம்ளரைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்த பிறகுதான் சொன்னது உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டது இன்னொருத்தியின் வீடு. வீட்டைத் தன் மகனுக்கே கொடுப்பதாக மறுநாள் அவர் பெனிஷாவுக்குச் செய்தி அனுப்பினார்.

கேன்டீனில் பெனிஷா போனை நீட்டினாள். நிவேதிதா செய்தியைப் படித்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எனக்குப் புரியுதுடி. ஸ்கூல்ல என்னையும் ஒதுக்கித்தான் வெச்சாங்க" என்றாள்.

பெனிஷா சமோசாவைப் பிட்டாள். "இன்னாடி ப்ரொபசர், உனக்கு ஊடு குடுக்கசொல்ல கண்ணாடி பவர் கேட்டாரா?"

"இல்ல."

"ஊரு?"

"கேட்டாரு. நம்ம பக்கம்தான்னு அன்னைக்கே சாவிய குடுத்துட்டாரு."

"அப்பால இன்னா" என்று சிரித்தாள் பெனிஷா. "ஆனா நான் அவராண்ட பேசவே இல்லியே. எங்க காலனி அவருக்கு எப்டித் தெரியும்?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் நிவேதிதா.

சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"கேட்டாரு. தெரிஞ்சுது. சொல்லிட்டேன்."

பெனிஷா போனில் வானகரத்து வீடு ஒன்றைத் திறந்து, வாசல் படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ணினாள்.

"நானும் கூட வரட்டுமா?"

"வாணாம். இத்த நானே பேசிக்கிறேன்."

மீதிச் சமோசாவைத் தாளில் மடித்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். நிவேதிதா பின்னால் போகவில்லை.