மிஞ்சிப் போன உப்பு

பூண்டுப் பயிரின் இளங்குருத்தெல்லாம் வரி வரியாக மஞ்சளடித்திருந்தது. மழை எட்டிப் பார்க்காத சுண்ணாம்பு மண். அதிலிருக்கும் இரும்பு வேருக்கு எட்டாது, இலையில்தான் தெளிக்கணும் என்று சொல்லி இரும்பு உப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார் உரக்கடைக்காரர்.

அண்ணி முதுகில் டேங்கைக் கட்டித் தெளித்தாள், நாத்தனார் கலந்து கொடுத்தாள். கிணற்று மோட்டார் கருகிப்போனதால் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே டவுனுக்குப் போயிருந்தான்.

நாலாவது பாத்தியை முடித்துத் திரும்பிய அண்ணிக்குப் பக்கென்றது. உப்புப் பை வெறுமையாகக் கிடந்தது.

"டேங்குக்கு எவ்வளவுடி போட்டே?"

"ஐநூறு கிராம். நீங்கதானே சொன்னீங்க?"

"ஐம்பது கிராம்னு சொன்னேன்டி!"

நாத்தனாரின் முகம் வெளிறியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் சூட்டில் அத்தனை உப்பும் இலையில் காய்ந்தால் பயிர் வெந்துபோகும். கழுவிவிடலாம் என்றால் கிணற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் ஏறாது.

"வீட்டு டிரம்முல இருக்குல்ல, அதை எடு."

"அது குடிக்கிற தண்ணி அண்ணி! நாளைக்கு என்ன பண்றது?"

"நாளைக்கு வாய் வறண்டா பாத்துக்கலாம். ஓடு!"

இருவரும் குடங்களைச் சுமந்து ஓடினார்கள். முதல் பாத்தியில் பூவாளியைச் சாய்க்கப்போன நாத்தனாரின் கையை அண்ணி பிடித்து நிறுத்தினாள்.

"இது காஞ்சிருச்சு. ஈரமா இருக்கிறதிலிருந்து ஆரம்பி."

முதல் பாத்தியைக் கைகழுவிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நாலு, மூன்று, இரண்டு என்று பின்னோக்கி வந்தார்கள். இரண்டாம் பாத்தியின் கடைசி வரிசையில் டிரம் காலியானது.

சாயங்காலம் அண்ணன் வரும்போது முதல் பாத்தியின் இலை நுனிகள் தீய்ந்து சுருண்டிருந்தன.

"யாரு கலந்தது?"

அண்ணி வாயெடுப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்தாள். "நான்தான். காதுல சரியா வாங்கலைண்ணா."

அவன் மற்ற மூன்று பாத்திகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அண்ணி காலி டிரம்மைக் காட்டினாள். விஷயம் தெரிந்ததும், "நல்லா பண்ணீங்க போங்க" என்றான். திட்டா, பாராட்டா என்று அண்ணிக்கு விளங்கவில்லை. அவன் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தான்.

பத்து நாளில் மூன்று பாத்திகளிலும் குருத்து பச்சை பிடித்தது. மீதி வயலுக்குப் புதுப் பை வந்தது. நாத்தனார் தராசை நீட்டினாள்.

"நீங்களே நிறுங்க அண்ணி."

"நீ நிறு. நான் பாக்கறேன்."