தாளம் போடாத கை

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, லண்டன் டூட்டிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். பாமாவுக்குப் பத்தொன்பது வயது. மிருதங்கத்தோடு ஏறும் முதல் மேடை. சென்னையிலிருந்து வந்த பாடகர் கிருஷ்ணமூர்த்தியின் சொந்த மிருதங்கக்காரருக்கு விசா கிடைக்கவில்லை. கச்சேரியை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் தலைவர் யோகராஜா கையைப் பிசைந்துகொண்டு இவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பொண்ணா?" என்றார் பாடகர். அதற்குப் பிறகு மனிதர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மேடையில் அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாட்டைத் தொடங்கும்போது ஒரு வேகம், முடிக்கும்போது இன்னொரு வேகம். பாமா பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். முன்வரிசையில் அப்பா குகதாசனுக்கு வேர்த்து ஒழுகியது. இன்று இவள் சறுக்கினால் போதும், 'பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது' என்று சனம் முடிவு கட்டிவிடும். பிறகு எவன் மேடை கொடுப்பான்? அது அவளுக்கும் தெரியும்.

தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம் தனியாகப் பேசுகிற நேரம். நம் சனத்துக்கோ அது எழும்பிப் போய் ரோல்ஸும் தேத்தண்ணீரும் எடுக்கிற நேரம். கதிரைகள் கறகறவென்று இழுபட்டன. அதைக்கூடப் பொறுக்கலாம். தனி வாசிக்கிறவருக்குப் பாடகர் கையால் தாளம் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் மேடை வழக்கம். கிருஷ்ணமூர்த்தி பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அடப்பாவி! அவரோடு வந்த வயலின்காரர் தன் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாமா தாளக் கணக்கை மனதுக்குள் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். கதிரைச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், கதவடிப்பு; கணக்கு நழுவப் பார்த்தது. விழப்போவது நிச்சயம், விழுந்ததும் அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையை நிறுத்தினாள்.

தனிக்கு நடுவில் மிருதங்கம் நின்றால் சனம் திரும்பாமல் என்ன செய்யும்? ரோல்ஸைக் கடித்தவர்கள் கடித்தபடியே நின்றார்கள். யோகராஜா தலையில் கை வைத்தார்.

"சேர், தாளம் போடுங்கோ," என்றாள் பாமா. மெதுவாகத்தான் சொன்னாள். மிருதங்கத்துக்கு வைத்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"நீதான் வாசிக்கிறியே, வாசி. நான் எதுக்கு?"

"நீங்கள் தாளம் போட்டால் வாசிப்பன். அது உங்கட வேலை."

அதுவும் மைக்கில் போயிற்று. அப்பா எழுந்தார். அதட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பாமாவும்தான்.

"ஓம் ஐயா, போடுங்கோ," என்றார் குகதாசன். குரல் நடுங்கியது. "நாங்கள் இருந்து கேக்கிறம்."

வெளியே போன சனம் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தது. பாடகர் சபையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தார். வலது கை மடியை விட்டு எழுந்தது.

"எங்கேருந்து?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"முதல்ல இருந்து," என்றாள் பாமா.