மிதிக்க மறந்த பெடல்

குழுவில் அவனை எல்லோரும் ஜக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய கிட்டார் ஜக்கு ஜக்கு என்று ஒரே சீராகப் போவதால், லீட் கிட்டார் வாசிக்கும் மின்னல் வைத்த பெயர் அது. மின்னல் வாசித்தால் கூட்டம் கத்தும், கைப்பேசிகள் உயரும். ஜக்கு வாசித்தால் ஒன்றும் ஆகாது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான். குழுவின் போஸ்டரில் அவனுடைய ஒரு தோள் மட்டும் விழுந்திருக்கிறது. அதையும் அவன் தங்கை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள், பாவம். அவள் புருஷன்தான் குழுவுக்கு டிரம்ஸ்.

முந்தின நாள் மேடையில் மானம் கப்பலேறிவிட்டது. மூன்றாவது பாட்டிலிருந்து எதுவும் எதோடும் ஒட்டவில்லை. பாடகன் முந்தினான், டிரம்ஸ் துரத்தியது, மின்னலின் தனி வாசிப்பு அந்தரத்தில் தொங்கியது. கூட்டம் பாதியில் எழுந்து போனது.

ஜக்கு சாமான்களைக் கட்டும்போதுதான் பார்த்தான். காலடிப் பெடலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தந்தியைச் சுருதி கூட்டுகிற பெடல் அது. மிதித்தால் கிட்டார் சத்தம் வெளியே போகாது, மறுபடி மிதித்தால்தான் வரும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் மிதித்தவன் மறுபடி மிதிக்கவே இல்லை! மீதிக் கச்சேரி முழுக்கச் சத்தமே இல்லாமல் உயிரைக் கொடுத்து வாசித்திருக்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், தான் இல்லாததை அவனே கவனிக்கவில்லை. மேடையில் அவன் வாசிப்பு அவனுக்கே கேட்பதற்காக வைத்திருந்த ஸ்பீக்கரை மின்னல் எப்போதோ எடுத்துக்கொண்டாயிற்று. டிரம்ஸைப் பார்த்து, தன் சத்தம் தன் காதில் விழாமலே வாசிக்கப் பழகியிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் பயிற்சி அறையில் பஞ்சாயத்து, பேஸ் கிட்டார்காரனையும் சேர்த்து ஐந்து பேரும் ஆஜர். டயர் கிடங்கின் மாடி அது. சுவரெல்லாம் எதிரொலியை அடக்க ஒட்டிய முட்டை அட்டை, ஒரே ரப்பர் நாற்றம்.

"நேத்து உனக்கு என்னடா ஆச்சு?" என்று பாடகன் டிரம்ஸ்காரனைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு ஓடுறே, இல்லேன்னா படுத்துக்கிறே."

"எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான்" என்றான் மின்னல். "அடுத்த ஷோவுக்கு அவனைக் கூப்பிடலாம்."

டிரம்ஸ்காரன் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சரியாத்தான் வாசிச்சேன். இல்ல... தெரியல."

உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பார்கள். யாருக்குத் தெரிந்தது? இங்கே உப்பில்லாததற்கு அடுப்பை அல்லவா திட்டிக்கொண்டிருந்தார்கள்!

"நாலு பேரே போதும், வண்டியில இடமாவது மிச்சமாகும்" என்று மின்னல் பல மாதமாக ஜக்குவின் காதுபடவே சொல்லி வருகிறான். இப்போது வாய் திறப்பது சொந்தச் செலவில் சூனியம். திறக்காவிட்டால் தங்கை புருஷன் தெருவில் நிற்பான்.

"மாப்ள மேல தப்பில்ல" என்றான். "என் கிட்டார்தான் வரல. மூணாவது பாட்டுலேர்ந்து. பெடலை மிதிக்க மறந்துட்டேன்."

மின்னல் விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்பிள்ளையைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா? நீ இல்லேன்னா பாட்டு படுத்துடுமாக்கும்!"

வேலை போனாலும் போகட்டும், இந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. "வாசிச்சுப் பாருங்க" என்று பெடலை மிதித்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நேற்றுப் போலவே கையை மட்டும் ஆட்டினான். இரண்டாவது வரியில் பாடகன் வழுக்கினான், டிரம்ஸ் துரத்தியது, நேற்றைய அதே அலங்கோலம். மறுபடி மிதித்தான். ஜக்கு ஜக்கு. பாட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. முடிந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சரி" என்றான் பாடகன் கடைசியில். "அப்போ தப்பு உன்னோடதுதான்."

மின்னல் கறுப்பு டேப்பைக் கிழித்துப் பெடலின் மேல் அழுத்தி ஒட்டினான். "இனிமே இதைத் தொடாதே. சுருதியெல்லாம் மேடைக்குக் கீழேயே கூட்டிட்டு வந்துடு."

அவ்வளவுதான் தீர்ப்பு. இருவர் இடமும் தப்பியது. ஒரே ஒரு நல்ல வார்த்தைக்கு ஜக்கு காத்திருந்தான். மின்னலும் பாடகனும் பேஸ்காரனையும் இழுத்துக்கொண்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார்கள். டிரம்ஸ்காரன் மட்டும் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"நேத்து முழுக்க ஏதோ இல்ல, ஏதோ இல்லன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு மச்சான். ஸ்டூல் இறங்கிடுச்சோன்னுகூடக் குனிஞ்சு பார்த்தேன்."

"என்னைப் பார்க்கலியா மாப்ள?"

"பார்த்தேனே. கை ஆடிக்கிட்டு இருந்துச்சே. இல்லாதது நீதான்னு எப்படித் தோணும்?" அவன் தோளைத் தட்டினான். "வா, டீ ஆறிடும்."

"நீ போ. வர்றேன்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. ஜக்கு தன் வயரைப் பிடுங்கி மின்னலின் பெரிய ஸ்பீக்கரில் சொருகினான். நேற்றைய மூன்றாவது பாட்டை முதலிலிருந்து தொடங்கினான். மின்னலின் தனி வாசிப்பு வருகிற இடத்திலும் அதே ஜக்கு ஜக்குதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தன் சத்தம் இத்தனை பெரியது என்று அவனுக்கே தெரியாது. அழுகை வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

கீழே டீக்கடையிலிருந்து பாடகன் அண்ணாந்து கத்துவது கேட்டது.

"மேல யாருடா அது, வாசிக்கிறது?"

ஜக்கு வாசித்துக்கொண்டே இருந்தான். பாட்டு இன்னும் பாதி இருந்தது.