மூன்று சுவர் வரவேற்பறை

துரின் நகரத்துச் சீமாட்டி எர்சிலியாவின் விரலில் பொத்தான் ஆலை முதலாளி பெர்லோ நிச்சய மோதிரம் போட்ட செவ்வாய்க்கிழமை முதல், அவள் எந்தக் கதவைத் திறந்து வெளியேறினாலும் வீட்டு வரவேற்பறைக்கே வந்து சேர்ந்தாள். சமையலறைக் கதவு, தெருக்கதவு எல்லாம் ஒன்றுதான். ஜன்னல் வழியே குதித்தும் பார்த்தாள். வரவேற்பறைக் கம்பளத்தில் விழுந்து முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். மற்றவர்களுக்கு வீடு வீடாகவே இருந்தது. அவளுடைய அப்பா, மார்க்கேசே என்ற பிரபுப் பட்டம் கொண்ட ஒத்தோனே, ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்மா" என்றார். அது பொய்யென்று அவருக்கே தெரியும். நானூறு வருஷப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஓட்டைக்கு வாளி வைக்கும் மனுஷர் வேறு என்னதான் சொல்வார்?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பேசாப்படக்காரர்கள் வந்து முற்றத்தை வாடகைக்குக் கேட்டார்கள். பணத்துக்காகக் கழுத்தை நீட்டும் ஒரு சீமாட்டியின் காதல் கதையாம். எடுக்க வேறு வீடா கிடைக்கவில்லை! நிஜ வரவேற்பறை கேமராவுக்கு இருட்டு என்பதால், அதே மாதிரி ஒன்றை முற்றத்து வெயிலில் பலகையால் கட்டினார்கள். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் கேமராவுக்காகத் திறந்து கிடந்தது. எர்சிலியா முதல் நாள் ஜன்னலில் நின்று சும்மா பார்த்தாள். இரண்டாம் நாள் தச்சர் பாத்திஸ்தாவைக் கூப்பிட்டாள்.

"கண்ணாடி மூலையில ஒரு விரிசல் உண்டு. அதை விட்டுட்டீங்களே."

"அதெல்லாம் படத்துல தெரியாதும்மா."

"தெரியாட்டி போகுது, போடுங்க. சுவத்துல நாய்க்குட்டி மாதிரி ஒரு ஈரக்கறை இருக்கே, அதுவும் வேணும்."

"கல்யாணப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லபோல" என்று முனகிக்கொண்டே பாத்திஸ்தா தூரிகையை எடுத்தார்.

கறை காய்ந்தது கல்யாணத்தன்று காலையில்தான். எர்சிலியா வெள்ளை உடையோடு கதவைத் திறந்தாள். எது தன் வரவேற்பறை என்று வீடே குழம்பிப்போய், அவளை முற்றத்துப் பலகை வரவேற்பறைக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே நடிகை அழுதுகொண்டிருந்தாள். எர்சிலியா மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கேமராக்காரரிடம், "கொஞ்சம் நகருங்க" என்றாள். அவர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தாமலே நகர்ந்தார். சுவரில்லாத நாலாவது பக்கமாக இறங்கி அவள் வாசலை நோக்கி நடந்தாள். ஒத்தோனே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் காவலாள் வாசலைப் பூட்டியிருப்பான். அவர் கொடுக்கவில்லை. பெர்லோ மாதா கோயிலில் நண்பகல்வரை காத்திருந்துவிட்டு, ஆலைக்குப் போய்விட்டார்.

படக்காரர்கள் பலகைகளைப் பிரித்துக்கொண்டு போனதும், ஒத்தோனே கொத்தனாரை வரவழைத்து, நிஜ வரவேற்பறையின் முற்றத்துப் பக்கச் சுவரை இடிக்கச் சொன்னார்.

"பனி உள்ள கொட்டுமேய்யா!"

"கொட்டட்டும். எம்பொண்ணு வந்தா, திரும்பிப் போக வழி வேணாமா?"

எர்சிலியா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெனோவாவிலிருந்து வருகிறாள். இருவரும் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். பிறகு அவள் சுவரில்லாத பக்கமாக இறங்கிப் போகிறாள். கம்பளத்தில் விழுந்த பனியை அவரே கூட்டித் தள்ளுகிறார்.