மூன்று விரல் பூ

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் தீவில் இந்தியர்களுக்கு எதிராக எழுந்த கலகத்தில் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களின் கால் பட்ட இடத்தில், விரலுக்கு ஒன்றாகப் பூ முளைத்தது. ரக்கிரக்கிப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் நவம்பர் மழைக்குப் பிறகு அதைப் பார்த்து, களை என்று விட்டுவிட்டார்கள். இன்னதென்று கண்டுபிடித்தவள் பாப்பம்மா. தும்பையைவிடச் சின்னது, வெளிறிய ஊதா, நாலு இதழ், இலையின் அடிப்புறம் சிவப்பு. இதே சாயலில் ஐந்து இதழோடு ஒன்று ஓடையோர வெயிலில் கிடக்கும். அதுதான் வெறும் களை. இதுவோ பெருமர நிழலில், மனிதன் பயந்து நின்ற மண்ணில் மட்டும் வரும்.

அவள் புருஷன் அப்பு, கும்பல் வீடு புகுந்த அன்று காட்டுக்குள் ஓடியவன், திரும்பவில்லை. செத்தானா பிழைத்தானா தெரியாமல் கழுத்துத் தாலி அவளுக்குப் பாரமாகிவிட்டது. கழற்றவும் முடியவில்லை, நிம்மதியாகச் சுமக்கவும் முடியவில்லை. எப்போதோ கரும்பு வெட்டும்போது அப்புவின் வலது காலில் இரண்டு விரல் போயிருந்தன. ஆகவே இடதுக்கு ஐந்து, வலதுக்கு மூன்று என்று தேடினாள். நாலாம் நாள் தடம் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் பாதி மலை ஏறிவிட்டாள். மகன் ரொனீஷிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புதருக்குள் குனிந்து குனிந்து ஏறியதைப் பக்கத்துத் தோட்டத்து நரேந்திரா பார்த்திருந்தான். மறுநாள் அவள் கிளம்புவதற்குள் ஆள் சேர்த்துக்கொண்டு போய்விட்டான்.

"அக்கா, நீ நடக்க சவுரியமா இருக்கட்டும்னு வழியெல்லாம் வெட்டி, களை மருந்தும் அடிச்சுட்டோம்," என்றான்.

நல்ல மனசுதான், குற்றம் சொல்ல முடியாது. தரையில் பொடிசாக எது முளைத்தாலும் கரும்புக்காரன் கை சும்மா இருக்காது. பாப்பம்மா வீடு திரும்பினாள்.

ரொனீஷ் இருவருக்கும் ஆக்லாந்து விசா வாங்கினான். அவன் போனான், அவள் மழைக்குக் காத்திருந்தாள். மருந்து பட்ட மண்ணில் இரண்டு மழைக்காலம் புல்கூட எழவில்லை. விசாவும் காலாவதியாயிற்று. மூன்றாம் மழைக்கு ஐந்தும் மூன்றுமாகத் தடம் மறுபடி வந்தது. பின்தொடர்ந்து மலை தாண்டினாள். ஒரு பெரிய மரத்தடியில் அடிகள் நின்றுபோயின. அங்கே ஓர் ஆள் நீளத்துக்கு, தலை முதல் கால் வரை, பூத்திருந்தது. பாப்பம்மா தாலியைத் தானே கழற்றி நடுவில் வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

அப்பா கிடைத்துவிட்டார் என்று போனில் ரொனீஷிடம், வீட்டில் பேசும் ஹிந்தியில் சொன்னாள். எப்படி என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கே தலையை மழித்துக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போனான்.