தொடர்புக்கு: ஒரு மரண அறிவிப்பின் கடைசி வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. பினாங்குத் துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த நல்லமுத்து இறந்துவிட்டார் என்று முகநூலில் ஒரு போஸ்டர் வந்தது. அவருடைய படம், வீட்டு முகவரி, நல்லுடல் எடுக்கும் நேரம். கடைசி வரியில் 'தொடர்புக்கு' என்று போட்டு ஒரு கைப்பேசி எண். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'குமுதா இறுதிச் சடங்குச் சேவை, ஜெலுத்தோங்'. அழைத்தேன். ஒரு பெண் எடுத்து வழி சொன்னார், காரைக் கோயில் பக்கம் நிறுத்தச் சொன்னார். பிறகு எல்லாரும் கேட்பதை நானும் கேட்டேன்.

"எப்படிம்மா ஆச்சு?"

"அது நமக்குத் தெரியாதுண்ணே. மூணு மணிக்கு எடுக்குறோம். அதுக்குள்ள வந்து முகத்தப் பாத்துடுங்க."

தெரியாமல் இருக்குமா? குளிப்பாட்டி உடுத்தி, பெட்டியில் வைத்ததே போனில் பேசிய அந்தக் குமுதாதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பொய் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்த வீட்டின் துக்கத்தை அவர் ஊருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) ஜெலுத்தோங் சாலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. [நீக்கிவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சாவு என்றதும் மழையைக் கூப்பிடுவது எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம்.]

(ஆ) குமுதா ஓர் அப்பாவிப் பெண். அவர் [பொய். பெட்டி விற்கிறவனிடம் அவர் பேரம் பேசுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் அப்பாவியாகத் தெரிந்தான்.]

(இ) வணிகத்துக்குச் சமூக ஊடகங்கள் தரும் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்த்தால் [இது கருத்தரங்கில் தேநீர் இடைவேளைக்கு முன்பு படிக்க வேண்டியது.]

ஆனால் (இ)யை முழுதாகத் தூக்கிப் போடவும் மனமில்லை, ஏனென்றால் என் கதை அதைப் பற்றியதுதான். பினாங்கில் நாம் உடலை அதிக நாள் வைத்திருப்பதில்லை. நாளிதழில் அறிவிப்பு வருவதற்குள் பாதி வீடுகளில் எல்லாம் முடிந்துவிடும். முகநூல் போஸ்டரோ, உலையில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய நன்மையை எந்த ஊடகமும் எந்தத் தொழிலுக்கும் செய்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

3

அந்த போஸ்டரில் தன் எண்ணை ஏன் போடுகிறார் என்று குமுதாவிடம் கேட்டேன். கேள்வியில் இருந்த குத்தலை அவர் கவனித்தார், பொருட்படுத்தவில்லை.

"வீட்டு ஆளுங்க நம்பர் போட்டா, அவங்க அழுவாங்களா, போன் எடுப்பாங்களா? எந்த புளோக்கு, எந்த ஜாலான், எந்த வீடு, எப்ப எடுக்குறீங்கன்னு ஊரே கேக்கும். நம்ம நம்பர் போட்டா நம்ம பேசிக்கலாம். அதப் பாத்து நாலு பேருக்கு நம்ம கடையும் தெரியும் லா. ரெண்டும்தான்."

"ரெண்டும்தான்." வேறு யாராக இருந்தாலும் முதல் காரணத்தை மட்டும் சொல்லி, இரண்டாவதை முந்தானையில் முடிந்துகொண்டிருப்பார்கள். எனக்கு இந்தப் பெண்மீது மரியாதை வந்தது இந்த இடத்தில்.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்பதால் ஷர்வினைக் கொண்டுவந்தேன். அவர் நல்லமுத்துவின் அண்ணன் மகன், சிங்கப்பூரில் வேலை. நல்லமுத்துவின் போஸ்டரில் குமுதாவின் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'எங்க சித்தப்பா சாவு உங்களுக்கு விளம்பரமா?' என்று எழுதினார். அது தீயாகப் பரவியது. குமுதாவை அதற்குமுன் கேள்விகூடப் பட்டிராதவர்கள் அவரைப் பிணம் தின்னி என்றார்கள். அவரிடம் விசாரித்து வைத்திருந்த குடும்பங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தப் படத்தைப் பகிர்ந்த ஒவ்வொருவரும் எண்ணையும் சேர்த்துத்தான் பகிர்ந்தார்கள். திட்டுவதற்கென்றே அழைத்த ஒருவர், திட்டி முடித்த கையோடு, அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் வண்டி அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் வருமா என்று கேட்டாராம். வரும் என்றார் குமுதா. நன்மைப் பட்டியலா, தீமைப் பட்டியலா, இதை எதில் சேர்ப்பது?)

முதல் வரைவில் ஷர்வினை ஒரு முன்கோபியாக எழுதினேன். நிற்கவில்லை. பிறகு யோசித்தேன்: அவரால் வர முடியவில்லை. தூக்கி வளர்த்த சித்தப்பாவின் சாவில் அவருக்குக் கிடைத்தது கையளவு திரையும் அந்த ஒரு படமும்தான். அந்த முகத்துக்குக் கீழே ஒரு கடையின் பெயர் இருந்தால் எனக்கும் எரியும். ஆகவே இந்தக் கதையில் வில்லன் இல்லை, மன்னியுங்கள்.

5

குமுதாவின் கணவர் மோகனராஜ்தான் சவ வண்டி ஓட்டுகிறார். நம்பரையும் கடைப் பேரையும் எடுத்துவிடு என்று அவர் சொல்ல, குமுதாவும் எடுத்துவிட்டார். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நடந்த அடுத்த இறுதிச் சடங்குக்கு, போஸ்டரின் கடைசி வரியில் இறந்தவரின் மனைவி ரமணியின் எண் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, வேறு எண்ணும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மோகனராஜ் எனக்குச் சொன்னார். காலையிலிருந்தே ரமணியின் போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் முதலிலிருந்து சொன்னார்: குளிக்கப் போனார், சத்தம் கேட்டது, கதவைத் தட்டினேன். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. வலது கையில் அரிசியை எடுத்துவிட்டார். இடது கையில் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டார்.

"பி புளோக்குங்க. பார்க்கிங் கீழ இருக்கு. ஆமா, கடைக்குப் பின்னால."

[அரிசி என் கைச்சரக்கு என்று நினைக்காதீர்கள். இவ்வளவு தூரம் போக எனக்குத் துணிச்சல் கிடையாது.]

குமுதா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அக்கா, போன இங்க குடுங்க. நீங்க அவரப் பாருங்க." வாங்கிக்கொண்டு நடைவழிக்குப் போய்விட்டார். உடலை எடுக்கும்வரை அங்கே நின்று ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டவர்களுக்கு, "வீட்டு ஆள்தாங்க" என்றார். கடையின் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது மோகனராஜுக்கு எரிச்சல்தான் இருந்தது. "வேலை அதே வேலைண்ணே. இப்ப பேரு மட்டும் இல்ல." அவர் எரிச்சலைக் குறிப்பெடுத்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழகாக எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பெண் அன்று செய்தது பெரிய காரியம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: ரமணி நன்றி சொல்லி முகநூலில் எழுதுகிறார், அது பரவுகிறது, வண்டி நிற்க நேரமில்லாமல் ஓடுகிறது. இப்படி நடக்கட்டுமே என்று ஆசைப்பட்டு, ரமணியிடம் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லலாமே என்று குமுதாவிடம் கேட்டேன்.

"துக்க வீட்டுல போயி ரிவியூ கேக்கச் சொல்றீங்களாண்ணே? எத்தன ஸ்டார்னு கேக்கவா?"

அந்த முடிவு அதோடு செத்தது.

இரண்டாவது முடிவு: ஷர்வின் மன்னிப்புக் கேட்கிறார். நிஜத்தில் அவர் தன் பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். சிவப்பு வட்டம் போட்ட படம் மட்டும் இன்னும் யார் யாருடைய வாட்சப்பிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது: குமுதாவின் எண் இல்லாத போஸ்டர்களால் ஊருக்குக் கடை மறந்துபோகிறது, வண்டி வாசலிலேயே நிற்கிறது, ஒருநாள் மோகனராஜ் [இதை எழுத எனக்கு விருப்பமில்லை.]

7

இதுவரை எழுதியதைக் குமுதாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அழைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த அக்கா பேர மாத்திடுங்க." [மாற்றிவிட்டேன். அவர் ரமணி அல்ல.] "பேஸ்புக்ல போடப் போறீங்களா?"

"ஆமாம்மா. கடைசியில உங்க நம்பரையும் போடட்டுமா?"



"போட்டா, பாத்தியா, கதையிலயும் விளம்பரம்னு சொல்லுவாங்க. போடலன்னா, எங்க வீட்டுக்காரரு வண்டிய வித்துட்டு வேற கம்பெனிக்கு ஓட்டப் போறேங்குறாரு. எனக்குத் தெரியலண்ணே. எழுதுறவரு நீங்க, நீங்களே சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. ஷர்வினின் வலியும் உண்மை, மோகனராஜின் கவலையும் உண்மை. அதனால் அந்த வரியை உங்களிடம் விடுகிறேன்.

தொடர்புக்கு: [                              ]

குமுதாவின் எண் வேண்டும் என்றால் ஜெலுத்தோங்கில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். வேண்டாம் என்றாலும் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அடைப்பை வெறுமையாக விட முடியாது, அந்த போஸ்டரில் யாராவது ஒருவருடைய எண் இருந்தே ஆக வேண்டும். குமுதாவின் எண் வேண்டாம் என்றால், உங்கள் வீட்டில் அந்த நாள் வரும்போது கையில் அரிசியோடு நிற்கப்போவது யார் என்று யோசித்து, அவர் எண்ணை எழுதுங்கள்.