சோலையம்மாள் வைத்த கைநாட்டு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: குல்சும் பீவியின் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். 'பாம்பன் கடலில் கம்பெனி லாஞ்சு மூழ்கிய 1956ஆம் வருஷம்...' என்று நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் குல்சுமின் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் குறுக்கே வந்து நின்றாள். குல்சும் பேச்சை எடுத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

2

லாஞ்சில் செத்தவர்கள் இரண்டு பேர். லாஞ்சின் தலைவரான சாரங்கு காதர் மைதீன், குல்சுமின் கணவர். எஞ்சின் ஓட்டிய தங்கசாமி, சோலையம்மாளின் கணவன். சாரங்கு குடித்திருந்தார் என்றது கம்பெனி. குல்சும் ராமநாதபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டாள்.

"காசு கேக்கலைங்கய்யா. ரிப்பேர் நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க. அடிப்பலகை இத்துப்போச்சுன்னு அவுக எழுதிக் குடுத்தது அதுல இருக்கு."

கம்பெனி நோட்டைக் காட்டாமல் ஒரு தாளை நீட்டியது. 'என் கணவர் குடிப்பவர்' என்று குல்சுமே, அவர் இறந்த இருபதாம் நாள், ஆபீசுக்கு வந்து வைத்த கைநாட்டாம்.

(மானேஜர் மதராஸ்காரர். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள், வாசல் தாண்டமாட்டாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.)

3

அந்தக் கைநாட்டு சோலையம்மாளுடையது. [ஏமாந்து வைத்தாள் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன்.] தன் நிவாரணத் தாளில் வைத்தபின் கம்பெனி குமாஸ்தா இன்னொன்றை நீட்டினார். "இது யாரு பேருக்குய்யா?" என்று கேட்டு, குல்சும் பேருக்கு என்றும் சாரங்கு குடிப்பவர் என்று எழுதியிருக்கிறது என்றும் தெரிந்தபின்தான் வைத்தாள். தங்கசாமி நிஜமாகவே குடிப்பவன். பத்து வருஷமாக ஊர் அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்றது. குல்சும் மட்டும் சாரங்கு வீட்டம்மாவா? அவளும் அந்தப் பேரைக் கேட்கட்டும்.

4

முடிவு ஒன்று: சோலையம்மாள் ஊரைவிட்டே... வேண்டாம்.

முடிவு இரண்டு: கூண்டேறி அழுது... அவள் அழுகிறவள் இல்லை.

கோர்ட் வராந்தாவில் குல்சும் சொன்னாள்: "சோலை, இத்தா முழுக்க எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தவ நீ. நான் வாசப்படி தாண்டலைன்னு உன்னையத்தான் சாட்சி போட்டிருக்கேன். ரிப்பேர் நோட்டு வந்துட்டா தங்கசாமி அண்ணனை யாரு கொன்னான்னும் தெரிஞ்சிரும்ல."

"அங்கன கைநாட்டு வைக்கச் சொல்லுவாகளா?"

"ஆமா. கம்பெனித் தாள்ல இருக்கிற விரலு யாருதுன்னு சாட்சி எல்லாரு கைநாட்டையும் ஒத்துப் பாக்கப்போறாகளாம்."

டவாலி சேவகர் வெளியே வந்தார். அத்தனை கூட்டத்திலும் குல்சும் பேரை விட்டுவிட்டுச் சோலையம்மாள் பேரைக் கூப்பிட்டார். அவளுக்கு அதுகூட ஒரு கணம் இனித்தது.

இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. அவள் எழவில்லை. மூன்றாவதற்கும் எழாவிட்டால் சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவது கூப்பாட்டை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள்.